இருமலை அடக்கும் மருந்து மூச்சையும் அடக்கும்போது

2018 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் எஃப்டிஏ, அதாவது உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இருமல் சிரப்புகள் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோடீன் அல்லது ஹைட்ரோகோடோன் சேர்ந்த இருமல், சளி மருந்துகள் இனி 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான் என்று மருந்தின் குறிப்பேட்டையே மாற்றச் சொன்னது. பெரியவர்களுக்கு டாக்டர் எழுதித் தரலாம். ஆனால் அதிலும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்க வேண்டும். அந்த நாட்டில் ஒரு மருந்துக்குத் தரப்படும் எச்சரிக்கைகளிலேயே கடுமையானது அந்தக் கட்டம்தான்.

கோடீன் சிரப் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது போதைக்காகப் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பவர்கள்தான். போலீஸ் பறிமுதல் செய்திகள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. அதனால், ‘டாக்டர் சொன்ன அளவுதானே குடிக்கிறோம், நமக்கென்ன வரப்போகிறது’ என்று இருந்துவிடுகிறோம். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தும் கோடீனால் குழந்தைகள் மூச்சு நின்று இறந்திருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் இந்த மருந்து பற்றிய மற்ற எச்சரிக்கைகள் சுலபமாகப் பிடிபடும்.

கோடீன் அபினிலிருந்து வருவது. குருமாவுக்கு அரைக்கும் கசகசாவைத் தரும் அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபினைப் பிரித்தெடுத்தார்கள். கோடீனை 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் பியேர் ரோபிகே கண்டறிந்தார். ஹைட்ரோகோடோன் 1920இல் ஜெர்மனியில் கோடீனிலிருந்து உருவாக்கப்பட்டது. இவை எல்லாமே ஓபியாய்டு, அதாவது அபினைப் போல வேலை செய்யும் மருந்து வகை. 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதையும் இருமல் மருந்தாகத்தான் விற்றது. காசநோயும் நிமோனியாவும் ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. ராத்திரி முழுக்க இருமுகிறவருக்குக் கொஞ்ச நேரத் தூக்கம் கொடுப்பதே அன்றைக்குப் பெரிய வைத்தியம். இரண்டு, மூன்று வாரத்தில் தானே அடங்கும் ஜலதோஷ இருமலுக்கு அதே வகை மருந்தை எழுத இன்றைக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

இருமல் தொண்டையில் நடப்பதாகத் தெரிந்தாலும் அதற்கான உத்தரவு மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளத்திலிருந்து வருகிறது. தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் நரம்பு முனைகள் அரிப்பையோ எரிச்சலையோ உணர்ந்து முகுளத்துக்குச் சேதி அனுப்புகின்றன. அங்கிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கட்டளை போகிறது. ஓபியாய்டு அந்த இடத்தை மந்தமாக்குகிறது. மூச்சின் தாளத்தை இயக்கும் நரம்பணுக் கூட்டமும் அதே முகுளத்தில்தான் இருக்கிறது. ஓபியாய்டு போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் அதிலும் இருக்கின்றன. இருமலை மட்டும் நிறுத்து, மூச்சைத் தொடாதே என்று மருந்துக்குச் சொல்ல வழியில்லை.

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் நாம் நினைக்காமலே மூச்சு வேகமெடுக்கும். தூக்கத்தில் நம்மைக் காப்பது இந்த ஏற்பாடுதான். ஓபியாய்டு அளவு மீறும்போது மூளைக்கு அந்த உறுத்தலே தெரியாமல் போகிறது. மூச்சு மெதுவாகிறது, ஆழம் குறைகிறது, நடுநடுவே நிற்கிறது. திணறலோ துடிப்போ இல்லாமலே இத்தனையும் நடந்துவிடலாம். பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு, ‘பாவம், மூணு நாளா இருமின புள்ள, இப்பதான் அசந்து தூங்குது’ என்றுதான் தோன்றும்.

கோடீனைப் பொறுத்தவரை இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. கோடீன் அப்படியே இருந்தால் அதற்குப் பெரிய வீரியம் கிடையாது. கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஒரு சிறு பங்கை, பெரும்பாலானவர்களிடம் 5 முதல் 10 சதவீதத்தை, மார்ஃபினாக மாற்றுகிறது. வலி குறைவதும் மூச்சு மந்தமாவதும் முக்கியமாக அந்த மார்ஃபினால்தான். இந்த நொதி எல்லாரிடமும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. சிலரிடம் கிட்டத்தட்ட வேலையே செய்யாது. அவர்களுக்குக் கோடீன் குடித்தும் பலன் கிடைக்காது. சிலரிடம் அந்த நொதிக்கான மரபணு இரண்டுக்கு மேற்பட்ட பிரதிகளாக இருக்கும். அவர்கள் உடம்பு கோடீனை மளமளவென்று மார்ஃபினாக மாற்றிவிடும். இப்படிப்பட்ட அதிவேகக்காரர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 1 முதல் 10 சதவீதம், வட ஆப்பிரிக்கர், எத்தியோப்பியர், அரேபியரில் 16 முதல் 28 சதவீதம் என்று கோடீனின் அமெரிக்கக் குறிப்பேட்டிலேயே கணக்குக் கொடுத்திருந்தார்கள். பாட்டிலில் 5 மில்லி என்று எழுதியிருக்கலாம். அந்த 5 மில்லியிலிருந்து இந்தக் குழந்தையின் உடம்பில் எவ்வளவு மார்ஃபின் வரும் என்பதை டாக்டராலும் சொல்ல முடியாது, மருந்துக்கடைக்காரராலும் சொல்ல முடியாது. மரபணுவைப் பரிசோதித்தால் தெரியும்தான். ஆனால் ஓர் இருமலுக்காக அந்தப் பரிசோதனையை யாரும் செய்வதில்லை.

2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் கனடா மருத்துவர்கள் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். 2 வயது ஆண் குழந்தை, எடை 13 கிலோ. தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொந்தரவுக்காக டான்சில் அறுவை சிகிச்சை செய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிக்குக் கோடீனும் பாராசிட்டமாலும் சேர்ந்த சிரப். குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரும் அளவுதான் எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் நாள் இரவு காய்ச்சலும் மூச்சில் இரைச்சலும் வந்தன. மறுநாள் காலையில் பார்த்தபோது குழந்தை உயிரோடு இல்லை. ரத்தத்தில் மார்ஃபின் அளவு மிக அதிகம். மரபணுவைப் பார்த்ததில் அது அந்த அதிவேக வகை என்று தெரிந்தது. அது வலிக்குக் கொடுத்த மருந்து, இருமலுக்கு அல்ல. ஆனால் இருமல் சிரப்பில் இருப்பதும் அதே கோடீன்தான், போய்ச் சேருவதும் அதே கல்லீரலுக்குத்தான்.

இந்த மாதிரி நிகழ்வுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோதுதான் கட்டுப்பாடுகள் வந்தன. 1969 முதல் 2015 மே வரை தனக்கு வந்த புகார்ப் பதிவுகளை எஃப்டிஏ அலசியபோது, கோடீன் மருந்து எடுத்த 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 64 பேருக்குக் கடுமையான மூச்சுப் பிரச்சினை வந்திருந்தது. அதில் 24 பேர் இறந்திருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றலாம். இவை தாமாக முன்வந்து அனுப்பப்பட்ட புகார்கள் மட்டுமே. சளி, காய்ச்சலோடு இருந்த குழந்தை தூக்கத்தில் இறந்துபோனால் அதற்குக் காரணம் சிரப் என்று எத்தனை வீடுகளில் சந்தேகம் வந்திருக்கும்?

2013இல் டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று எஃப்டிஏ சொன்னது. 2015 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமை, இருமலுக்கும் சளிக்கும் 12 வயதுக்குக் கீழே கோடீன் கூடவே கூடாது என்றும், 12 முதல் 18 வயது வரை மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை என்றும் அறிவித்தது. 2017 ஏப்ரலில் 12 வயது வரம்பு அமெரிக்காவுக்கும் வந்தது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் கோடீன் எடுக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அப்போது சேர்ந்தது. தாயின் உடம்பில் உருவாகும் மார்ஃபின் பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். அடுத்த ஆண்டு வயது வரம்பு 18 ஆனது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், குழந்தைகளின் இருமலுக்குக் கோடீன் பலன் தருகிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 1997லேயே எழுதிவிட்டது. அதற்கும் 2018க்கும் இடையே 21 ஆண்டுகள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மனசு ஆறாத இடம் இதுதான். பலன் இல்லை என்று தெரிந்த மருந்து, ஆபத்தும் நிரூபணமாகும் வரை ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டிருக்கிறது.

ஹைட்ரோகோடோன் கதை கொஞ்சம் வேறு. கோடீன் அளவுக்கு அது மரபணுவை நம்பி இல்லை. நேரடியாகவே வீரியம் உள்ளது. உலகில் தயாராகும் ஹைட்ரோகோடோன் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்காவிலேயே செலவாகிறது. அங்கே டஸ்ஸியோனெக்ஸ் என்றொரு சிரப் பிரபலமாக இருந்தது. 5 மில்லியில் 10 மில்லிகிராம் ஹைட்ரோகோடோன். 12 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் வெளியாகும்படி செய்யப்பட்டது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மொத்தம் 10 மில்லிக்கு மேல் போகக் கூடாது. சிரப் என்றாலே ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் என்று கை பழகியிருக்கிறது. அப்படிக் கொடுத்தால் முதல் வேளை கரைந்து முடியும் முன்பே அடுத்தது மேலே ஏறிவிடும். மருந்தை ஊற்றுவதும் வீட்டில் கிடைக்கும் கரண்டியில். டீஸ்பூன் என்று டாக்டர் சொல்லியிருப்பார். கைக்குக் கிடைத்தது 15 மில்லி பிடிக்கும் பெரிய கரண்டியாக இருந்தால் ஒரே வேளையில் மூன்று மடங்கு உள்ளே போகிறது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் இதனால் இறந்ததாகப் புகார்கள் வந்து, 2008 மார்ச்சில் எஃப்டிஏ தனியாக எச்சரிக்கை விட்டது. மில்லி கோடு போட்ட அளவுக் குப்பியோ சிரிஞ்சோ இல்லாமல் இந்த மருந்தை ஊற்றவே கூடாது என்று குறிப்பேட்டில் அழுத்திச் சொல்லியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஹைட்ரோகோடோனை உடம்பிலிருந்து கழிப்பது சிஒய்பி3ஏ4 என்ற வேறொரு நொதி. நெஞ்சுச் சளிக்கு எழுதப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் அந்த நொதியை முடக்கிவிடும். ஒரே சீட்டில் இருமலுக்கு ஹைட்ரோகோடோன் சிரப்பும் கிருமிக்குக் கிளாரித்ரோமைசினும் வந்துவிட்டால், நோயாளி ஒரு துளி கூடுதலாகக் குடிக்காமலே ரத்தத்தில் ஹைட்ரோகோடோன் அளவு ஏறும். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் ஒரு டாக்டரிடம் சிரப்பும் இன்னொருவரிடம் ஆன்டிபயாட்டிக்கும் வாங்குவதாக இருந்தால், இரண்டு பெயரையும் ஒரே மருந்துக்கடைக்காரரிடம் காட்டிவிடுவது நல்லது.

சரி, இத்தனை ஆபத்துக்கு ஈடாக இருமல் நிற்கிறதா? பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஜலதோஷத்துக்கென்றே ஒரு ஆய்வு மையத்தை நடத்தியவர் ரொனால்டு எக்கிள்ஸ். ஜலதோஷ இருமலுக்கு ஒரு பிரிவினருக்கு 50 மில்லிகிராம் கோடீனும் இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத போலி டோஸும் கொடுத்துப் பார்த்த ஆய்வை அவருடைய குழு 1997இல் வெளியிட்டது. இரண்டு பிரிவிலும் இருமல் குறைந்தது. கோடீன் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. 2006இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள், புகைபிடித்து நுரையீரல் கெட்டுப்போன சிஓபிடி நோயாளிகளின் இருமல் சத்தத்தைக் கருவியில் பதிவுசெய்து எண்ணிப் பார்த்தார்கள். 60 மில்லிகிராம் கோடீனுக்கும் போலி மருந்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இருமல் சிரப் குடித்தால் இதமாக இருக்கிறது என்பது பொய் இல்லை. இனிப்பும் கெட்டியான பாகும் தொண்டையை நனைக்கின்றன, மருந்து குடித்தோம் என்ற நிம்மதியும் சேர்கிறது. அந்த இதத்துக்குக் கோடீன் தேவைப்படவில்லை என்பதுதான் ஆய்வுகளில் தெரிந்தது.

சளி பிடித்த பிறகு வரும் இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கிறது என்று 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வில் பொதுமக்களிடம் கேட்டபோது, ஏழிலிருந்து ஒன்பது நாளில் நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பத்தாவது நாளில் ‘இன்னும் நிற்கலையே டாக்டர், கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஏதாவது கொடுங்க’ என்று போய் நிற்பது இந்த இடைவெளியால்தான். அந்த நேரத்தில் எழுதப்படும் சிரப், தானே அடங்கப்போகும் இருமலுக்கு நடுவே நுழைந்து நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது.

ஓபியாய்டுக்கு இருமலில் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எந்தச் சிகிச்சைக்கும் மசியாத நாட்பட்ட இருமலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் மாத்திரை உதவுகிறது என்று பிரிட்டனின் ஹல் நகர ஆய்வு 2007இல் காட்டியது. நுரையீரல் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருமி இருமித் துவண்டுபோகிறவருக்கு இந்த மருந்து தரும் ஆறுதலுக்கு விலையே இல்லை. அவர்களுக்கு இது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பக்கத்திலிருந்து கவனிக்கும் டாக்டர் இருக்கும் இடம் அது. வைரஸ் சளிக்குப் புறநோயாளியாக வந்து போகிறவரின் நிலை அப்படி இல்லை.

பெரியவர்களுக்கு அன்றாடம் வரும் பக்கவிளைவுகள் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், குமட்டல், வாந்தி, தலைவலி, மலச்சிக்கல். குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. வயதானவர்களுக்கு மலச்சிக்கல் ஒன்றே பெரிய அவஸ்தையாகிவிடும். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. சிரப்பில் கோடீன் தனியாக இருப்பதும் அபூர்வம். குளோர்ஃபெனிரமைன், புரோமெத்தசின் போன்ற ஒவ்வாமை மருந்துகளில் ஒன்று கூட இருக்கும். அவையும் தூக்கத்தைக் கூட்டும், வாயை உலர்த்தும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரைக் கட்டிவிடும். ஆஸ்துமா கடுமையாக உள்ளவர்கள், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பவர்கள், அதிக உடல் எடை உள்ளவர்கள் தங்கள் நிலையை டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. சளி நிறைய வெளியேறும் இருமலை அடக்கினால் சளி நெஞ்சிலேயே தங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது சேர்க்கைகளுக்குத்தான். தூக்கத்துக்கு அல்பிரசோலம், குளோனசிபம் மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கூடவே கோடீன் சிரப்பும் சேர்ந்தால், இரண்டும் மூச்சை மந்தமாக்கும் மருந்துகள், ஒன்றின் வேலையை மற்றொன்று கூட்டிவிடும். மதுவும் அப்படித்தான். ‘ரெண்டு பெக் போட்டாச்சு, இருமலும் நிக்கட்டும்’ என்று சிரப்பையும் குடித்துவிட்டுப் படுப்பது உயிரோடு விளையாடுவது. 2016 ஆகஸ்டில் எஃப்டிஏ இந்தச் சேர்க்கைக்கென்றே கறுப்புக் கட்டம் போட வைத்தது.

பழக்கமாகிவிடும் ஆபத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். வாரக்கணக்கில் ஓபியாய்டு எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கொட்டாவி வரும், உடம்பு முறுக்கி வலிக்கும், தூக்கம் வராது, பேதியாகும். படித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் சளி பிடித்தால் வரும் தொந்தரவுகளேதான். ‘மறுபடியும் சளி பிடிச்சிருச்சு’ என்று அவர் நம்பி அதே பாட்டிலை எடுக்கிறார். குடித்ததும் தொந்தரவு மறைகிறது. மருந்து கேட்கிறது என்ற நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது. இப்படி மாட்டிக்கொள்பவர் போதை தேடிப் போனவரே அல்ல. அவரைத் திட்டிப் பயனில்லை. டாக்டரிடம் அழைத்துப் போய் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அப்புறம் ஃபோல்கோடீன். இதுவும் ஓபியாய்டு வகை இருமல் மருந்துதான்; பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல காலம் டாக்டர் சீட்டே இல்லாமல் கிடைத்தது. இதைக் குடித்த ஒருவருக்கு அடுத்த 12 மாதத்துக்குள் மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்தால், தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்துக்கு உயிர்போகும் அளவுக்கு ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பிரான்ஸில் நடந்த ஆய்வில் தெரிந்தது. போன வருஷம் குடித்த இருமல் சிரப்பை ஆபரேஷன் மேசையில் யார் ஞாபகம் வைத்துச் சொல்வார்கள்? 2023இல் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அது சந்தையை விட்டு அகற்றப்பட்டது.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே ஹைட்ரோகோடோன் பிரச்சினை இல்லை, கோடீன்தான். கோடீனும் குளோர்ஃபெனிரமைனும் சேர்ந்த சிரப், கோரெக்ஸ், ஃபென்சிடில் என்ற பெயர்களில் வீட்டுக்கு வீடு தெரிந்த மருந்தாக இருந்தது. 2016 மார்ச் 10 அன்று மத்திய அரசு 344 கலவை மருந்துகளைத் தடை செய்தபோது இந்தக் கலவையும் அதில் இருந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தின் ஆய்வுக்குத் திரும்பியது. 2023 ஜூன் 2 அன்று அவற்றில் 14 கலவைகளுக்கு மறுபடியும் தடை வந்தது. கோடீன்-குளோர்ஃபெனிரமைனும் ஃபோல்கோடீன்-புரோமெத்தசினும் அந்தப் பட்டியலில் உண்டு. தயாரிப்பாளர்கள் மறுபடியும் நீதிமன்றம் போனார்கள். மருந்தின் நன்மை தீமையை எடைபோட வேண்டிய கேள்வி ஆண்டுக்கணக்கில் நடைமுறை வழக்காகவே இழுபடுவது நோயாளிகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

கோடீன் 2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு கொடுத்தது என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடையில் ‘இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க’ என்று கேட்டதும் இது கைக்கு வந்துவிட்டால் அங்கே சட்டம் மீறப்படுகிறது. வங்கதேசம் 1982லேயே ஃபென்சிடிலைத் தடை செய்தது. அதன்பின் இந்திய எல்லை வழியாகக் கடத்தல் பெருகியது. 2018இல் நைஜீரியா கோடீன் சிரப் தயாரிப்பையும் இறக்குமதியையும் நிறுத்தியது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் சீட்டு இல்லாமல் கோடீன் கிடையாது என்றானது. 2024 பிப்ரவரியில் பிரிட்டனும் கோடீன் இருமல் சிரப்பைச் சீட்டு மருந்தாக்கியது. வளைகுடாவுக்குப் போகும் நம்மவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன் அனுமதியும் டாக்டர் சீட்டும் இல்லாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினால் விமான நிலையத்திலேயே சிக்கல் ஆகிவிடலாம்.

இதை 2025 கோல்ட்ரிஃப் விவகாரத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குக் காரணம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த சிரப்பில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அது 48.6 சதவீதம் இருந்தது. அந்த சிரப்பில் ஓபியாய்டு எதுவும் கிடையாது. அது தயாரிப்பில் நடந்த கொடுமை. கோடீன் சிரப்போ எந்தக் கலப்படமும் இல்லாமல், எல்லாச் சோதனையிலும் தேறி வந்தாலும் குழந்தைக்கு ஆபத்தானது. கோல்ட்ரிஃப் சாவுகளுக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே வேண்டாம் என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்றும் சொன்னது. எந்த வகை சிரப்புக்கும் பொருந்தும் அறிவுரை அது.

வீட்டில் இருக்கும் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ், எல்எஸ் என்று ஒட்டு மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே மாறிவிடும். ‘ஒவ்வொரு 5 மில்லியிலும்’ என்று தொடங்கும் பொடி எழுத்தில் கோடீன் பாஸ்பேட் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் என்றால் 100 மில்லி பாட்டிலில் 200 மில்லிகிராம் கோடீன் இருக்கிறது. இனிப்பு, நல்ல நிறம், மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடிவரும் வயசு. மீந்துபோன பாட்டிலை ‘அடுத்த தடவைக்கு ஆகும்’ என்று ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள். அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ராத்திரி படுக்கும் முன் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது, அரிதான ஒரு நச்சு நோய் வரலாம். வெதுவெதுப்பான நீர், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, இவை போதும் பெரும்பாலான இருமலுக்கு. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போடுகிறவருக்கு விடாத வறட்டு இருமல் இருந்தால் காரணம் அந்த மாத்திரையாகவே இருக்கலாம். டாக்டரிடம் சொல்லி மாற்றினால் இருமல் போய்விடும், சிரப் எதற்கு? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இலவசம். காசநோய் இருமலைக் கோடீனால் அடக்கிக்கொண்டிருந்தால் நோயும் முற்றும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.

டாக்டர் ஒரு காரணத்தோடு பெரியவர் ஒருவருக்கு இதை எழுதியிருந்தால், முதல் இரண்டு ராத்திரி யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும். தட்டி எழுப்பினாலும் எழாத தூக்கம், உளறல், மெதுவாகவும் சத்தமாகவும் இழுக்கும் மூச்சு, நடுவில் நீண்ட இடைவெளி, உதடும் நகமும் நீலம் பாய்வது, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஓபியாய்டின் வேலையை முறிக்க நலோக்ஸோன் என்ற ஊசி இருக்கிறது. நேரத்துக்குப் போட்டால் நின்றுகொண்டிருக்கும் மூச்சு திரும்பும். அந்த ஊசியைப் போடலாமா என்று டாக்டர் சட்டென்று முடிவெடுக்க உள்ளே போன மருந்து எது என்று தெரிய வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறும்போது சிரப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.